மூன்றாம் பிரஸ்

மூன்று கம்பெனிகள் வந்து காட்டின.
மூன்றிலும் ஆட்கள் சிரித்துக்கொண்டே கற்றார்கள்.
ஒருவர் கையிலும் எண்ணெய் இல்லை.

"டேப்லெட்டை ஒரு வாரம் விட்டுப் போங்க" என்றேன்.

ஆரம்பாக்கம். எல்லைக்கு இந்தப் பக்கம்.
கேண்டீனில் நின்றால் போன் தமிழ்நாட்டில் இருக்கும்;
பிரஸ் ஷாப்புக்கு நாற்பதடி நடந்தால்
ஆந்திரா வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி வரும்.

இரவு ஷிப்டுக்கு மூன்றையும் எடுத்துப்போனேன்.

முதலாவது கையுறையை மதிக்கவில்லை.
வடமலை குத்தினான், தேய்த்தான், ஊதினான்,
கடைசியில் கழற்றிவிட்டுத் தொட்டான்.
திறந்தது பாடம்:
கையுறையைக் கழற்றாதீர்.

இரண்டாவது புத்திசாலி.
டவரைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்ளும்.
கேண்டீனில் தமிழில் தொடங்கியது
கோட்டீஸ்வரி பிரஸ் அருகே வந்ததும் தெலுங்குக்குத் தாவியது.
"ஏம்மா, இப்பத்தான நல்லாப் பேசிட்டிருந்த?"
என்று அதையே கேட்டாள்.
பக்கத்தில் நின்ற அங்கம்மா
பாதியைத் தமிழில் சொன்னாள்,
மீதியைக் கையால் செய்து காட்டினாள்.
அந்தக் கையைத்தான் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவதற்கு அழகு போதாது.
தடித்த பொத்தான்கள்,
சிக்னல் செத்தாலும் ஓடும் பாடம்,
நம் குரலை நாமே பதியலாம்.

"நிச்சயமா?" என்றார் எம்.டி.
"பதினோரு பேர் தொட்ட வரைக்கும் நிச்சயம் சார்."
"திங்கட்கிழமை பூஜை போட்டு
நானூறு பேருக்கும் கொடுத்துடலாமா?"
"வேண்டாம். மூன்றாம் பிரஸ். ஒரு ஷிப்ட். ஒரே பாடம்."

ஸ்டோர் ரூமில் சாக்குகளைத் தொங்கவிட்டு
அங்கம்மா பேசினாள், இரண்டு மொழியிலும்:
மெயினை அணை. பூட்டுப் போடு.
சாவி உன் பையில இருக்கட்டும்.
கேட்கிறவன் உன் மச்சானா இருந்தாலும் கொடுக்காதே.
கடைசி வரி நான் எழுதியதல்ல.
அழிக்கவுமில்லை.

முதல் வார அறிக்கை நூற்றுக்கு நூறு.
பத்தொன்பது பேரும் முடித்திருந்தார்கள்,
ஒன்பது நிமிடப் பாடத்தை
நான்கு நிமிடத்தில்.

எம்.டி. கைகுலுக்கினார்.
அந்தக் கையோடே கீழே இறங்கிப் போய்க் கேட்டேன்.
"ஷிப்ட் முடிஞ்சதும் பஸ் போயிடுது மேடம்."

அவ்வளவுதான் விஷயம்.

பாடத்தை ஷிப்டின் முதல் பத்து நிமிடத்துக்கு மாற்றினேன்,
சம்பள நேரத்தில்.
பிரஸ் சும்மா நிற்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காக
புரொடக்‌ஷன் மேனேஜர்
இன்னும் என்னோடு பேசுவதில்லை.
அறிக்கை அறுபதுக்கு இறங்கியது.
இந்த அறுபதை நான் நம்புகிறேன்.

நேற்று இரவு தகடு சிக்கியது.
வடமலை அணைத்தான், பூட்டினான்,
சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.
சூப்பர்வைசர் கை நீட்டினார்.
"மச்சானா இருந்தாலும்" என்றான்.

நிஜமாகவே அவர் அவனுக்கு மச்சான்.

நாலாம் பிரஸுக்கான பெட்டி வந்திருக்கிறது.
பிரிக்கவில்லை.
அங்கே பாதிப் பேர் ஒடிசா.
நிராகர் முதலில்
அவன் மொழியில் பேசிப் பார்க்கட்டும்.
சாக்கு இன்னும் சுவரில்தான் தொங்குகிறது.