வரிசை எண் முப்பத்தேழு

முதலில் முழுமைத்தொகுதியை வரையறு என்றார் நெறியாளர்.
கடலூர் வட்டம், கடலோர அரசுப் பள்ளிகள்,
எட்டாம் வகுப்பு, வருகைப் பதிவேட்டின்படி
நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.
எழுதி முடித்ததும்
அவர்கள் முழுமையாகிவிட்டார்கள்.

பதிவேட்டில் ஏறாதவர்கள் இருந்தார்கள்.
ஐஸ் கம்பெனி வாசலில் பெட்டி அடுக்குகிறவள்
என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்:
புள்ளியியல் வகுப்பில் முதல் நாள் சொன்னது.
கிண்டிவிட்ட பானைக்குத்தான் அது பொருந்தும்,
அடிப்பிடித்ததை
மேல்சோறு சொல்லாது என்பதை
யாரும் சொல்லவில்லை.

சமவாய்ப்பு எண் அட்டவணையில்
கண்ணை மூடி விரல் வைத்தேன்.
சோனாங்குப்பம் பள்ளிக்கு ஐந்து எண்கள் விழுந்தன:
நான்கு, பதினொன்று, இருபத்தொன்பது,
முப்பத்தேழு, நாற்பது.

தலைமையாசிரியை ஹெலன் சுகந்தி
தாளைப் பார்த்துச் சிரித்தார்.
"இதுங்க எதுக்கும்மா? நல்லாப் படிக்கிறதா
அஞ்சு பேரை அனுப்புறேன்.
பள்ளிக்கூடத்துப் பேரும் இருக்குல்ல."

முதுநகர் துறைமுகத்தில் ஏலக்கூடை இப்படித்தான் வரும்.
மேலே நாலு வஞ்சிரம், அடியில் காரப்பொடி.
வாங்குகிறவருக்கும் தெரியும்.
கூடையைக் கவிழ்க்கச் சொல்வது மரியாதை இல்லை.
நான் கவிழ்க்கச் சொன்னேன்.
குரல் கொஞ்சம் நடுங்கியது.

நான்கு பேர் வந்தார்கள்.
முப்பத்தேழு, ம. அமுதகீரன்,
பொங்கலுக்குப் பிறகு வரவில்லை.
பதிவேட்டில் மட்டும்
வாரத்துக்கு இரண்டு நாள் வந்துகொண்டிருந்தான்.

இல்லாதவருக்குப் பதிலியாக அடுத்த எண்ணை எடுக்கலாம்.
நூலில் அதற்கு வழி உண்டு.
தேன்நிலா வந்து உட்கார்ந்தாள்.
தாளின் மேல் மூலையில் பேனாவை நிறுத்தினாள்.
"என் பேரு எழுதவா மிஸ், அவன் பேரு எழுதவா?"
பெயர் வேண்டாம், எண் போதும் என்றேன்.
"எந்த எண்?"

சாயங்காலப் பேருந்தை விட்டுவிட்டேன்.
உப்பனாற்றுக் கரையில்
அமுதகீரன் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தான்.
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினான்.
வாசிப்புப் பத்தியில் ஒரு மீனவர்
காலையில் கடலுக்குப் போய்
மாலையில் கூடை நிறைய மீனோடு திரும்புகிறார்.
எழுத்துக் கூட்டி வாசித்தான். ஏழு நிமிடம்.
'திரும்புகிறார்' என்ற இடத்தில் இரண்டு முறை தடுக்கினான்.
முடித்துவிட்டுக் கேட்டான்:
"டீசல் காசுக்குக் கட்டுபடி ஆச்சா அவருக்கு?"
விடைக்குறிப்பைப் புரட்டினேன்,
பழக்கதோஷம்.

பள்ளிக்கு வெளியே எடுத்தது,
நேர வரம்பும் மீறியது, செல்லாது, நீக்கு
என்றார் நெறியாளர்.
நீக்கினேன். அவர் சொன்னது சரிதான்.
மனசுக்குப் பிடித்தவர்களை
ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே போனால்
அதற்குப் பெயர் ஆய்வு இல்லை.

இப்போது நான்காம் இயல், இரண்டாம் அட்டவணையில்
முப்பத்தேழுக்கு நேரே
இருபதுக்குப் பதினெட்டு.
தேன்நிலாவின் அழகான கையெழுத்து வாங்கிய மதிப்பெண்.
பிழைவரம்பு ஐந்து விழுக்காடு என்று கீழே தட்டச்சிட்டேன்.

மாதிரி, மாதிரி என்று
ஆய்வேட்டில் எத்தனை முறை எழுதியிருப்பேன்.
மெய்ப்புத் திருத்தும்போது
அது பேச்சுவழக்காகவே காதில் விழுகிறது.
வந்த மாதிரி.
படித்த மாதிரி.
கேட்டுக்கொண்ட மாதிரி.

அவன் தாள் இன்னும் பைக்குள் இருக்கிறது.
மடிப்பில் மீன்வாடை, ஓரத்தில் ஈயக்கறை.
மேல் மூலை காலி.