வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

முதல் கேள்வி அதுதான்.
யாரும் அதற்குத் தயாராக என் கடைக்கு வருவதில்லை.
இத்வாலும் வரவில்லை.

வேல்ஸ் மலைக்குள் இது கற்பலகை வெட்டிய ஊர்.
பாதி நாள் மழை.
மீதி நாள் மழை வரப்போகிறது என்ற பேச்சு.
இந்த ஊரில், தோளெல்லாம் சொட்டச் சொட்ட
ஒரு பஸ் டிரைவர் வந்து நின்று
சாப்பாட்டுத் தட்டளவு ஷவரைக் காட்டி
"மழை மாதிரி விழுமாமே, அது வேண்டும்" என்கிறார்.
ஜன்னலைப் பார்த்தேன்.
சிரிக்கவில்லை.
விற்றிருக்கலாம். இருப்பதிலேயே விலை கூடியது அதுதான்.

வெந்நீர் எங்கிருந்து வருகிறது?
"குழாயிலிருந்து."
குழாய்க்கு?
"சுவரிலிருந்து."
சுவருக்கு?
தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார்,
விடை அங்கே இருக்கிற மாதிரி.

ஒரு வாளியை இரவல் கொடுத்தேன்.
ஒரு நிமிடத்தில் எவ்வளவு நிரம்புகிறது, பாருங்கள்.
பரணில் ஏறுங்கள், தொட்டி இருக்கும்.
அதன் அடியிலிருந்து ஷவரின் வாய்வரை
எத்தனை உயரம் என்று அளந்து வாருங்கள்.

வியாழக்கிழமை வந்தார், தூண்டில் கோலோடு.
அளவுநாடா கிடைக்கவில்லையாம்.
கோலில் இரண்டு ரப்பர் பேண்டுகள்.
இடையே ஒன்றரை முழம்.
உள்ளங்கையில் பேனாவால்: நிமிடத்துக்கு மூன்று லிட்டர்.

அவ்வளவுதான் அந்த வீட்டின் பலம்.
தண்ணீர் கடன் வாங்காது.
எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ
அவ்வளவு வேகம், ஒரு பைசா கூடாது.
அந்தத் தட்டில் நூற்றிருபது துளைகள்.
பந்தியில் நூற்றிருபது பேர்,
பானையில் மூன்று பேருக்கான சோறு.

பம்ப் வைக்கலாம் என்றேன்.
அடுத்த வீட்டுக் கைக்குழந்தையின் தொட்டில்
அதே சுவரை ஒட்டி, என்றார்.
மின்சார ஷவர்?
தடித்த வயர் புதிதாக இழுக்க வேண்டும்;
ஜனவரித் தண்ணீரைச் சூடாக்குவதற்குள்
அதற்கே மூச்சு வாங்கும், நூலாகத்தான் விடும்.
தொட்டியைத் தூக்கி எறிந்து புது பாய்லர்?
விலைப்பட்டியலை அவர் பக்கம் திருப்பினேன்.
மெதுவாக என் பக்கமே திருப்பி வைத்தார்.

அப்புறம்தான் சொன்னார்.
மனைவி கைன்வென், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை.
இடுப்புவரை கூந்தல்.
இந்த ஷவரில் நுரை போவதில்லை.
"ஜக்!" என்று ஒரு சத்தம் வரும்,
இவர் போய் ஊற்றுவார்.
இருபத்தெட்டு வருஷமாக ஊற்றுகிறார்.
"இப்போது தோள் தூக்க மாட்டேன் என்கிறது.
அவளிடம் சொல்லவில்லை.
ஷவர் பழசாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்."

தூண்டில் கோலைக் கையில் வாங்கினேன்.
மேல் ரப்பர் பேண்டை விட்டுவிட்டு
கீழ் ரப்பர் பேண்டை இறக்கினேன்,
இறக்கிக்கொண்டே போனேன், பிடிவரைக்கும்.
தொட்டியை ஏற்ற முடியாவிட்டால் என்ன,
குளிப்பவரை இறக்கலாமே.
கீழே இடம் உண்டா?
"நிலக்கரி போட்ட அறை இருக்கிறது. இப்போது சைக்கிள் நிற்கிறது."

சைக்கிள் வெளியே போனது.
ஏழு முழம் உயரம் கிடைத்தது.
தட்டு ஷவர் இல்லை,
குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த சின்னது,
முஷ்டியளவு, பார்க்க ஒன்றுமில்லாதது.
மலிவானது. என் முதலாளி முகம் சுளித்தார்.

மார்ச்சில் மறுபடி வந்தார்.
எப்படி இருக்கிறது?
"கொட்டுகிறது," என்றார். "அதுதான் தொல்லை.
கூந்தலின் முதல் பாதி முடிவதற்குள்
வெந்நீர் முடிந்துவிடுகிறது.
நேற்றும் 'ஜக்!'"
ஊற்றினீர்களா?
"ஸ்டூல் போட்டு உட்கார வைத்து ஊற்றினேன்.
அப்படியென்றால் தோளுக்கு வலிக்கவில்லை.
முன்பே தோன்றவில்லை பாருங்கள்."

வாய் திறந்தேன், முதல் கேள்வியைக் கேட்க.
அதற்குள் தூண்டில் கோலை மேஜைமேல் கிடத்தினார்.
இம்முறை மூன்று ரப்பர் பேண்டுகள்:
சிலிண்டர் நிற்கும் அலமாரியின்
உயரம், அகலம், ஆழம்.