மூன்று தரம் விற்ற சேவல்

மஸ்கட்டில் ஆறு வருடம் ஒரே அறை.
அவள் இரவு டியூட்டி முடிந்து வரும்போது
நான் பகல் டியூட்டிக்குக் கிளம்புவேன்.
கதவருகே செருப்பு மாற்றும் நேரம்தான்
எங்கள் பேச்சு.
இந்த லீவுக்கு ரோவெனா கேட்டாள்:
உன் ஊருக்கு நானும் வரட்டா?

திருவனந்தபுரத்தில் இறங்கி
களியக்காவிளை தாண்டுகையில் மழை.
எங்க பிலிப்பைன்ஸ் மழை மாதிரியே இருக்கு என்றாள்.
வண்டி ஓட்டிய சுஜினுக்கு அது பிடிக்கவில்லை.
இது எங்க மழையாக்கும் என்றான்,
வைப்பரைக் கூட்டி வைத்து.

பள்ளியாடியில் அம்மா
மரச்சீனி அவித்து உடைத்துத் தேங்காய் சேர்த்து
சாளைப் புளிமுளத்தோடு வைத்தாள்.
ரோவெனா கிழங்கை முகர்ந்து பார்த்தாள்.
முகம் மலர்ந்தது.
எங்க வீட்டிலும் உண்டு,
நாங்க இதுக்குச் சீனி போடுவோம்.
நான் சொன்னதும் அம்மா கரண்டியை நிறுத்தினாள்.
பேரிலேயே சீனி கெடக்கே,
பின்ன எதுக்குப் பிள்ளே தனியா?
என்றாலும் கருப்பட்டி ஒரு துண்டு
உடைத்து வைத்தாள்.
அப்புறம் யாரும் பார்க்காதபோது
தானும் ஒரு வாய் தின்று பார்த்தாள்.
நான் பார்த்தேன்.

சனிக்கிழமை பாடகர் குழு ஒத்திகை.
அவளுக்கு ஆல்டோ குரல்.
ராகம் இரண்டே தடவையில் பிடிபட்டது,
பாட்டு நோட்டின் எழுத்துதான்
முழுக்கக் கொக்கியும் சுழியும்.
ஞாயிறு ஆராதனையில்
பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது:
கிழங்கு, தேங்காய், கருப்பட்டி, சாளை
என்று துதி பாடிக்கொண்டிருந்தாள்.
மூன்றாம் சரணம் முழுக்க
நான் வாயைத் திறக்கவில்லை.
திறந்தால் சிரிப்பு.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம்
கோயில் முற்றத்தில், பந்தலுக்கு அடியில்.
செந்துளுவன் குலை, ஏத்தன் குலை,
ஒரு சாக்கு நல்லமிளகு,
கால் கட்டிய செஞ்சேவல் ஒன்று.
எதிர்வரிசை ஷைஜிக்கு ரோவெனா கை காட்டினாள்.
கமிட்டி றசலையன் அதைப் பிடித்துக்கொண்டார்.
ஆயிரத்து நூற்றைம்பது, ஒரு தரம்!
ரெண்டு தரம்!
ஐயோ அவளுக்கு ஏலம்னு தெரியாது என்று
நான் எழும்புவதற்குள்
மூன்றாவது தரமும் ஆகிவிட்டது.

சிரித்தது சபை.
அவள் சிரிக்கவில்லை.
நேராகப் போய்க் கட்டை அவிழ்த்து
சேவலைக் கக்கத்தில் இடுக்கி
கழுத்தடியில் ஒரு விரலால் தடவினாள்.
அது கண்ணை மூடிக்கொண்டது.
பறப்பதற்கு வழி விட்டு நின்ற பையன்கள்
வாயடைத்துப் போனார்கள்.

என் அப்பா சேவல் வளர்த்தார் என்றாள்,
அசனச் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது.
சண்டைச் சேவல்.
என் முதல் வருட நர்சிங் பீஸை
ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தோற்றார்.
அதுக்குப் பிறகும்
அவர் சேவலுக்கு நான்தான் மருந்து போட்டேன்.
இலையில் சாம்பார் விழுந்தது.
நல்லா இருக்கு, என்றாள், இன்னும் கொஞ்சம்.

சேவலைச் சபைக்கே திருப்பிக் கொடுத்தாள்.
அதுதான் முறை என்று சொல்லியிருந்தேன்.
சாப்பாடு கழிந்து மறுபடி ஏலம் வந்தது.
ரப்பர்கடை செல்வதாஸ்
ஆயிரத்து எழுநூறுக்கு எடுத்து
அவரும் திருப்பிக் கொடுத்தார்.
மூன்றாம் முறை
பெண்கள் பக்கம் கடைசியில் ஒரு கை எழும்பியது.
கொத்தமல்லிக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி
கடைக்காரனை அழவைக்கும் கை.
ரெண்டாயிரம் என்றாள் அம்மா.

குழம்பு வைக்கத்தான் வாங்கினேன் என்று
இன்றைக்கும் சாதிக்கிறாள்.
வாரம் ஒருமுறை போனில் புகார்:
உன் கூட்டுக்காரியின் சேவல்
நாலு மணிக்கே கூவுது,
ஆளுக்கு உறங்கண்டாமா?

அங்கே நாலு என்றால்
இங்கே இரண்டரை.
வார்டில் அவள் டிரிப் மாற்றும் நேரம்.
காலையில் கதவருகே
ஒரு காலில் செருப்போடு நின்று கேட்கிறாள்:
கூவிச்சா?
எனக்கு பஸ் போய்விடும்.
சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.