பத்தைக் கழித்தால்

ஹெட்லிக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தபோது
வயது நாற்பத்து நான்கு.
"அதில் பத்தைக் கழியுங்கள்" என்றாள் நர்ஸ்.
முப்பத்து நான்கு.
போன மாதம்தான் எனக்கு முடிந்தது.

அண்ணன் விட்டுப்போனது
ஒரு படகு, அதன் கடன்,
இந்த எண்.

"எனக்கு வலியே இல்லையே."
"அவருக்கும் இல்லை" என்றாள்.

ட்வில்லிங்கேட்டில் பனி கொட்டுகிறது.
ஃப்ரிட்ஜில் காட் மீனுக்குப் பக்கத்தில்
நான்கு லிட்டர் பேதி மருந்து.
கடல்நீரில் எலுமிச்சை பிழிந்த ருசி.
இரவெல்லாம் கழித்தல்தான்.
மூன்று மணிக்குள் வெட்கம் தீர்ந்துவிட்டது,
வயிறு தீரவில்லை.

விடியுமுன் அண்ணி வெர்னா வந்தாள்.
கான்டர் ஆஸ்பத்திரி வரை
கண்ணாடி துடைப்பான் மட்டும் பேசியது.

மயக்கம் தெளிந்ததும்
டாக்டர் படத்தை நீட்டினார்:
ஈரமான இளஞ்சிவப்புக் குகை,
மடிப்போரம் பட்டாணி அளவில் இரண்டு.
"இன்னும் புற்றாகவில்லை. எடுத்தாயிற்று.
இரண்டு வருடம் கழித்து வாருங்கள்."

நான் டோஸ்ட் கேட்டேன், வெண்ணெய் நிறைய.

வெர்னா படத்தைக் கீழே வைக்கவில்லை.
அவள் மகனுக்குப் பத்தொன்பது.
கையுறையைக் கழற்றி
விரல் மடக்கத் தொடங்கினாள்.