கசக்காத காகிதம்

பிப்ரவரி. டெலவேர் ஆற்றில்
உடைந்த தட்டுகள் போலப் பனிக்கட்டி போகிறது.
மூன்றாவது அறுவைக்கு முன்
டாக்டர் பெல்லமி ஒரு காகிதத் துண்டு தந்தார்.
நக அகலம். வெள்ளை. வாசனையில்லை.
இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை,
ஆறு வருடமாய் என் மூக்கு
முகத்தில் கிடக்கும் ஒரு சாமான்.

நாக்கில் வைத்தேன்.
காகிதம்.
"வேறு?"
ஈரமான காகிதம்.

துணைக்கு வந்த ஹலினாவுக்கும் ஒன்று கிடைத்தது, சும்மா.
வைத்த நொடியில் அவள் முகம்
பிழிந்த துணி.
குப்பைக்கூடை எங்கே, தண்ணீர் எங்கே,
என் பையைக் கவிழ்த்துப் புதினா மிட்டாய் எங்கே.

ஒரே வயிற்றில் பிறந்து
பன்னிரண்டு வயதுவரை ஒரே கட்டில்.
குட்டிக்கோசை அவள் மேசைக்கடியில்
நாய்க்குத் தள்ளுவாள், நாயும் தின்னாது.
இரண்டு தட்டையும் வழித்தவள் நான்.
ஜட்விகா தங்கம், எதைப் போட்டாலும் சாப்பிடும் என்றார்கள்.
தங்கமில்லையாம்.
சாவி சேராத பூட்டாம்.

"காப்பி கசக்கிறதே எனக்கு?"
"அது வேறு பூட்டு."

கசப்புக்கான காவல் நாக்கோடு முடியவில்லை என்றார்.
மூக்கின் உள்குகைகளிலும் நிற்கிறது,
கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகளின் மேல்.
கிருமிகள் கூடிப் பேசும்:
எத்தனை பேர் வந்திருக்கிறோம், போதுமா,
சுவர் எழுப்பலாமா?
அந்தக் குசுகுசுப்பு கசக்கும்.
கசந்ததும் ஒரு வாயு கிளம்பும்,
மயிரிழைகள் துடுப்பை இரட்டிப்பாய் வலிக்கும்,
பேச்சு முடியுமுன் கூட்டம் சளியோடு வெளியே.

ஹலினாவின் மூக்கில்.

என் மூக்கில் அவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.
தீர்மானம் நிறைவேறியது.
பச்சை நிறத்தில் குடியேறினார்கள்.

"இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன்,"
நேர்மையான மனிதர்,
"உங்கள் சளியில் சர்க்கரையும் கூடுதல்.
இனிப்பு அங்கே காவலைத் தூங்கவைக்கும்."
சிரித்தேன். மூக்கடைப்போடு சிரித்தால் காது வலிக்கும்.
பத்தொன்பது வருடமாய் போர்ட் ரிச்மண்ட் பேக்கரியில்
பொரித்த உருண்டைகள் மேல்
பொடிச்சர்க்கரை தூவுகிறவள் நான்.
"அந்தச் சர்க்கரை வேறு," என்றார்.
தெரியும்.
இருந்தாலும்.

பேருந்தில் ஹலினா இன்னும் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
எப்படியிருந்தது, சொல்லேன்.
"கசப்பாக."
அது தெரியும். எப்படி?
யோசித்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.
இரண்டு நிறுத்தம் கழித்து,
"உன்னிடம் சொல்ல முடியாது," என்றாள்,
கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

நோன்புக்கு முந்தைய கொழுத்த வியாழன்.
அதிகாலை மூன்று மணி, எண்ணெய் காயவில்லை.
கேட்டு வாங்கி வந்த இன்னொரு துண்டை
நாக்கில் வைத்துக் கண்ணை மூடினேன்.
காகிதம்.

புருவத்துக்குப் பின்னால், இருட்டில்,
அவர்கள் என்னைப் பற்றித்தான்
பேசிக்கொண்டிருக்க வேண்டும்.
மாவை உருட்டத் தொடங்கினேன்.