வால்வுச் சாவி

பேரூராட்சியில் சேர்ந்தபோது
நாலே வால்வு.
நகராட்சியெனப் பலகை மாறியதில்
இருபத்து மூன்று.
சாவி அதே ஒன்று,
பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது.

கோத்தகிரிச் சரிவில்
தேயிலை பிடுங்கிய இடமெல்லாம் கண்ணாடி ஜன்னல்.
புது இணைப்புக்கு மனுவோடு வருகிறவர்
என்னிடம்தான் கேட்கிறார்,
"தண்ணி தினமும் வருமா?"
மஞ்சு மூடிய பக்கம் கைகாட்டி
"அதோ, தொட்டி அங்கேதான்" என்பேன்.
பொய்யில்லை.

எட்டாவது வார்டுக்கு
ஒன்பது நாளுக்கொருமுறை.
விடிகாலை நாலரைக்கு
குழிக்குள் கைவிட்டுத் திருகுகையில்
குழாய்க்குள் முதலில் காற்று இருமும்,
பிறகுதான் நீர்.
அந்த இருமலுக்கே
வரிசையாக விளக்கெரியும் வீடுகள்.

அதே வார்டில்தான் என் வீடும்.
பெள்ளியம்மா குடத்தோடு நின்று
என் மனைவியிடம் சொன்னாளாம்:
"உங்களுக்கென்ன, சாவி உங்க வீட்டில் தூங்குது."

உண்மைதான்.
கதவுக்குப் பின்னால், ஆணியில்.
அதன் கீழே
எங்கள் குடங்களுக்கும்
எட்டாம் நாள்.