நோக்கம்

கடிதம் பணிவாகத்தான் கேட்கிறது:
"ஈராண்டுக்குள் இரண்டு சொத்துகளை விற்றிருக்கிறீர்கள்.
செம்பவாங் வீட்டை வாங்கியபோது
தங்கள் நோக்கம் என்ன?"

இந்த ஊரில் வீடு விற்ற லாபத்துக்கு வரி கிடையாது.
வாங்கி விற்பதே பிழைப்பு என்றால் உண்டு.
நடுவில் அந்த ஒரு சொல்
உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி மாதிரி
கையை நீட்டி நிற்கிறது.

கணக்காளர் சூ லிங் சொல்கிறாள்,
"நீண்டகால முதலீடு, வாடகை வருமானத்துக்காக.
இதுக்கு மேல ஒரு வரி எழுதாதீங்க, ஆண்ட்டி."
ஆதாரம் இருக்கிறது.
பதினான்கு வருட ஒப்பந்தங்கள், குளிரூட்டி பழுது பார்த்த ரசீதுகள்,
பதினைந்து விழுக்காடு செலவு கழித்து
மீதி வாடகைக்கு ஆண்டுதோறும் வரி கட்டிய தாள்கள்.

அந்த வருடம் வைரவன் என்னோடு
ஏழு மாதம் பேசவில்லை.
பேசியபோது, உப்பு கேட்டான்.

ஓவர்டைம் காசு, இரண்டு வளையல், பாக்கிக்கு வங்கி.
ஒற்றை அறை, பதினோராம் மாடி.
சாவி கைக்கு வந்த அன்று
வெறுந்தரையில் உட்கார்ந்து ஒரு கறிபஃப் தின்றேன்.
எங்கே போனாய் என்று கேட்க
அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை.

தீபாவளி கழித்துப் பெட்டியோடு போவதாக இருந்தேன்.
அதற்குள் அவனுக்கு டயாலிசிஸ்.
செவ்வாய், வியாழன், சனி.

வாடகைக்கு விட்டேன்.
முதலில் ஒரு கொரிய மாணவன்,
பிறகு மா தீரியும் அவள் கணவனும்.
நான் மனத்தில் கட்டில் போட்டு வைத்திருந்த மூலையில்
அவள் தொட்டில் போட்டாள்.
மாதம் பிறந்தால் கணக்கில் விழுந்தது
நான் அங்கே இல்லாததற்கான காசு.

வைரவன் போனபின் எங்கள் வீட்டை விற்றேன்.
அப்புறம் இதையும்.
"விற்ற காரணம்" என்ற கட்டத்தில்
'தேவை தீர்ந்தது' என்று எழுதினேன்.
சூ லிங் அடித்துவிட்டு
'குடும்பச் சூழல் மாற்றம்' என்று தட்டினாள்.

ஆறு வாரத்தில் பதில்:
லாபம் வரிக்குரியதல்ல.
முழுதும் எனக்கே.

வீவக வீடு வாங்கப் பதினைந்து மாதம் பொறுக்க வேண்டுமாம்.
அதுவரை ஈசூனில் வாடகைக்கு இருக்கிறேன்.
சமையலறை ஜன்னலில் யாரோ அளவெடுத்துத் தைத்த
மஞ்சள் திரை, துவைத்த சுருக்கமே இல்லை.
ஒப்பந்தத்தில் வீட்டுக்காரியின் பெயர் மட்டும்,
ஒற்றைக் கையெழுத்து.
இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன்.
அவளுக்கு என்ன நோக்கமோ.